குளத்தங்கரையில் ஒரு செய்முறைத் தேர்வு

செவ்வாய்க்கிழமை காலை, வாகட் பகுதியில் உள்ள என் வீட்டில் காபி கலந்துகொண்டிருந்தபோது பேராசிரியர் கோமதி அவர்களின் கணவர் அழைத்தார். "கோமதி போயிட்டா சார்."

கோமதி அவர்களும் நானும் புணேயில் ஒரே கல்லூரியில் நெடுங்காலம் வேலை பார்த்தோம். அவர் விலங்கியல், நான் வேதியியல். ஆசிரியர் அறையில் தமிழ் பேச எங்களை விட்டால் ஆளில்லை. புணேயிலேயே கட்கி என்ற இடத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியரின் மகளாகப் பிறந்து மராத்தியில் படித்தவர். தமிழ் மட்டும் வீட்டில் கேட்ட நெல்லைத் தமிழ். முதல் மழை விழுந்தால் வகுப்பறையில் பாடம் கிடையாது. குடையோடு மாணவர்களை வெளியே கூட்டிப் போய்விடுவார்.

கல்லூரிக்குப் பின்னால் பாசி பிடித்த சிறு குளம் ஒன்று உண்டு. அதை மூடி வண்டி நிறுத்த இடம் கட்டுவதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. அவர் எழுதிய எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட நான் தயங்கினேன்.

"பயப்படுதீங்களா சார்? பரவால்ல, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த ஆண்டு செய்முறைத் தேர்வைக் குளத்தங்கரையிலேயே வைத்து, நிர்வாகக் குழுத் தலைவரையும் அழைத்தார். வந்தவர், "இது சாக்கடை, மேடம்" என்று மராத்தியில் சொன்னார். கோமதி அவர்கள் குளத்து நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் குனிந்த தலைவர் வெகுநேரம் எழவில்லை.

"இதெல்லாம் உயிரோட இருக்கா?"

"இப்போதைக்கு இருக்கு."

குளத்தில் பாதி தப்பியது. மறுபாதியில் கான்கிரீட் கொட்டிய அன்று நான்தான் வருத்தப்பட்டேன். "பாதி இருக்குல்லா சார். தவளைக்கு அது காணும்" என்றார். நான் கையெழுத்துப் போடாததை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எனக்குத்தான் இன்றும் உறுத்துகிறது.

இறுதி ஊர்வலத்துக்கு, கோமதி அவர்களைக் கவனித்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் பணி முடிந்த கையோடு சீருடையில் வந்திருந்தார். கடைசி வாரம் ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம் மேடம். "உடம்பெல்லாம் புள்ளியா இருக்கே, அதுதான் பெண் குயில்னு காட்டினாங்க. இத்தனை வருஷமா நான் அதை வேற பறவைன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்று மராத்தியில் என்னிடம் சொன்னார்.

வண்டி புறப்பட்டது. அந்தப் பெண் வாசல் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

போய் வாருங்கள், மேடம்.