கண்ணை மூடியதும் ஏன் விழுந்தாள்?

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறேன். ஞாயிறுதோறும் எங்கள் எளாவூர் வீட்டில் நான்கு வயது மகளுக்கு நான்தான் தலைக்கு ஊற்றுவேன். அன்று சீயக்காய் தேய்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மொள்ளத் திரும்பினேன். நின்றிருந்தவள் அப்படியே சாய்ந்து விழுந்தாள். துவைக்கிற கல்லின் முனை நெற்றியில் படாமல் தப்பினாள்.

"இன்னாய்யா, கொயந்தைய புடிக்காம இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று மனைவி ஓடிவந்தாள்.

தரை வழுக்கவில்லை. துவட்டி நிற்க வைத்து, மறுபடி கண்ணை மூடச் சொன்னேன். மறுபடியும் ஆடினாள். மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்து, மறுநாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

டாக்டரம்மா நன்றாகச் சோதித்தார். "பயப்படாதீங்க. இந்த வயசுல புள்ளைங்க கண்ண நம்பித்தான் நேரா நிக்கும். காலும் காதும் சேர்ந்து கைகுடுக்க இன்னும் சில வருஷம் ஆகும். நீங்க கண்ண மூடிக்கினு ஒத்தக் காலுல நில்லுங்க பாக்கலாம்."

கூச்சத்தோடு நின்றேன். தடுமாறி மேசையைப் பிடித்தேன்.

"ஐ, நைனாவும் வுழுறாரு!" என்று மகள் கைதட்டினாள்.

நிற்பதற்குக் காது எதற்கு என்று கேட்க வெட்கமாக இருந்தது. இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இப்போது அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தலைக்கு ஊற்றுகிறேன்.

இன்றும் ஊற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு.