வாப்பாவுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். ‘டீச்சர், பஸ் லேட்டு’ என்று வந்து நிற்கும் பிள்ளையை, ‘பேருந்து தாமதம்’ என்று சொல்லும்வரை வகுப்பு வாசலிலேயே நிறுத்தி வைப்பேன். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வாசித்து நல்ல தமிழில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பதுகூடப் பொய்.

தொண்ணூறுகளின் கடைசியில் வாப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்து, ஆறாமல், ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. விரலோடு போயிற்று என்று இருந்தோம். ஆனால் காய்ச்சல் விடவில்லை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஐ.சி.யு.வில் சேர்த்து, தொண்டையில் குழாய் விட்டு, மெஷின் வைத்து மூச்சு விட வைத்தார்கள். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் உட்கார்ந்து வாயாலேயே வியாபாரம் பண்ணின மனிதர், ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தார். உம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருப்பாள்.

என் ஒரே தம்பி சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தான். அங்கே கஃபீல் என்கிற முதலாளி சரி என்று சொல்லாமல் யாரும் ஊருக்குக் கிளம்ப முடியாது. பாஸ்போர்ட்டே அவர் கையில்தான் இருக்கும். இவன் நடையாய் நடந்து, அழுது, எப்படியோ சம்மதம் வாங்கி வைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் இளவயது டாக்டர் ஒருவர் வேகமாக வெளியே வந்தார். “சளிய டெஸ்டுக்கு அனுப்புனோம்லா, கல்ச்சர் ரிப்போர்ட் வந்துட்டும்மா. ரெசிஸ்டன்ஸ் வந்திருக்கு. மருந்த மாத்துதோம், மதுரையில இருந்து ஊசி வரணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

ரெசிஸ்டன்ஸ் என்றால் எதிர்ப்பு. நோய் எதிர்ப்புச் சக்தி. பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிற சொல், இதற்கு அகராதியா புரட்ட வேண்டும்? வாப்பாவின் உடம்பு தானாகவே எதிர்த்து நிற்க ஆரம்பித்துவிட்டது, அதனால் பழைய மருந்தை நிறுத்தி வேறு தருகிறார்கள். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது பாருங்கள். தப்பான ஓர் அர்த்தம் இவ்வளவு அழகாகப் பொருந்தக் கூடாது.

“என்னளா சொல்லுதாவ டாக்டரு?” என்றாள் உம்மா.

“வாப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துட்டாம் உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். சோறு இறங்கவில்லை என்று டீயில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள், எதிர்க்கடையில் இட்லி வாங்கிவரச் சொல்லி, இன்னும் ஒன்று கேட்டுச் சாப்பிட்டாள்.

உம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பியின் கடைக்குப் போன் போட்டேன்.

“லாத்தா,” என்றான். அக்காவை எங்களில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “வெள்ளிக்கிழமை பிளேன்ல இடம் இருக்காம். டிக்கெட் போட்டுறட்டா?”

“பதறாத. வாப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாவ. இப்பம் ஓடி வந்தா பெருநாளைக்கு லீவு தரமாட்டான். வாப்பா வீட்டுக்கு வரட்டும், நீ பைய வா.”

அவன் சந்தோஷத்தில் சிரித்தது உம்மாவுக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் வாப்பாவின் கட்டிலை மூலைக்குத் தள்ளித் திரை கட்டியிருந்தார்கள். நர்ஸ்கள் அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் திரைக்குள் போனார்கள். குணமாகி வருகிற ஆளை ஏன் இப்படி ஒதுக்கி வைக்கிறீர்கள் என்று காரமாகவே கேட்டேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அந்த டாக்டரை அழைத்துவந்தாள்.

“எதிர்ப்பு உங்க வாப்பாவுக்கு இல்லம்மா, கிருமிக்கு,” என்றார் அவர். “நாங்க போடுத எந்த ஊசிக்கும் அது சாகமாட்டேங்கு. பக்கத்துக் கட்டிலுக்குப் பரவிரக் கூடாதுன்னுதான் திரை. ஒரே ஒரு மருந்து மட்டும் கேக்கும்னு ரிப்போர்ட் சொல்லுது. அதுவும் இந்த உடம்பு தாங்கணும். வெளியூர்ல பிள்ளைய யாரும் இருந்தா வரச் சொல்லிருங்க.”

எதிர்ப்பு என்கிற சொல்லை நான் தப்பாக மொழிபெயர்க்கவில்லை. யாருக்கு என்று கேட்காமல் விட்டேன். எழுவாய் எங்கே என்று பிள்ளைகளை நாள் தவறாமல் கேட்டவள் நான்.

நேரே பூத்துக்குப் போனேன். வெளியே பெஞ்சில் இருந்த உம்மாவும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே வந்தாள். தம்பிதான் எடுத்தான். “லாத்தா, கஃபீல்ட்ட இப்பம் லீவு வேண்டாம்னு சொல்லிட்டேன். வாப்பா எந்திச்சு உக்காந்துட்டாவளா?”

பக்கத்தில் உம்மா, பெருநாள் வந்துவிட்டது போன்ற முகத்தோடு நின்றாள்.

“மருந்து மாத்தியிருக்காவ. மதுரையில இருந்து ஊசி வருது,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உம்மா பக்கத்தில் இருந்ததால்தான் சொல்ல முடியவில்லை என்று ரொம்பக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லை. வெட்கம். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் பேசிவிட்டேன் என்று தம்பியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஊசி கேட்டுவிட்டால் எதையும் சொல்லவே வேண்டாமே என்றும் ஒரு நப்பாசை. வாப்பா பிழைக்க வேண்டும் என்று அன்று நான் கேட்ட துஆவில் என் மானமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஊசி வந்தது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. பார்த்தாயா, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு சிறுநீர் நின்றது. நாடி விழ ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமையும் வந்து போயிற்று. அதற்கடுத்த நாள் முற்பகலில் வாப்பா மௌத்தானார்.

தம்பிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ அரபியில் விலை கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. எங்களில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது.

உம்மா, புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தாவில், வெளியே வராமல் உள்ளறையில் இருந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்களிடமெல்லாம், “எதிர்ப்புச் சக்தி வந்துட்டுன்னு டாக்டரே சொன்னாவளே, அப்புறமும் எப்படிப் போனாவ?” என்று கேட்பாள். வந்தவர்கள் டாக்டரை வைவார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருப்பேன். மாமா மகன் ஒருவன், ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று கிளம்பினான். வேண்டாம், அவர் நல்ல மனுஷர் என்று தடுத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்த டாக்டர் பையன்தான். எங்கள் தெருவில் அவர் பெயர் கெட்டது என்னால்.

தம்பி பெருநாள் லீவில் வந்தான். என் மேல் பாய்வான் என்று பயந்தேன். பாய்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கபர்ஸ்தானுக்குப் போய் வாப்பாவை அடக்கிய இடத்தில் ஜியாரத் பண்ணிவிட்டு வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எல்லாரும் டாக்டர ஏசுதாவ. எனக்கு அப்படித் தோணல லாத்தா. சுகமாகிட்டு வந்த நேரத்துலதான் வாப்பா போயிருக்காவ. ரொம்பக் கஷ்டப்படலல்லா?”

“இல்ல,” என்றேன்.

“அது போதும். அங்கன தனியா இருக்கும்போது நீ சொன்ன அந்த வார்த்தையத்தான் நெனச்சுக்கிடுவேன்.”

இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் ஊரில் வாப்பா திரைக்குள் செத்துக்கொண்டிருக்க, வரக் கிடைத்த சம்மதத்தைத் தானே வேண்டாம் என்றோமே என்பது அவன் தலையில் ஏறும். அவனுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். முதல் தடவை யாருக்காகப் பேசாமல் இருந்தேன் என்பது தெரிந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

லீவு முடிந்து அவன் கிளம்புகிற அன்று, திருவனந்தபுரம் போகிற கார் வாசலில் நின்றது. உம்மாவிடம் சலாம் சொல்லிவிட்டு வந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“லாத்தா, உம்மாவுக்கும் வயசாகுது. ஏதாச்சும்னா நீதான் போன் பண்ணணும். மத்தவங்க சொன்னா நான் நம்பமாட்டேன்.”

“சரி,” என்றேன்.