சரி, ஆனால் வேண்டாம்

புஷ்பலதா அக்கா இறந்த செய்தி வியாழக்கிழமை காலை வந்தது. நான் தேக்கா மார்க்கெட்டில் கீரைக்கு நின்றுகொண்டிருந்தேன். பழைய அலுவலக நண்பர்களின் குழுவில் யாரோ இரண்டு வரி போட்டிருந்தார்கள். நான் படித்து முடிப்பதற்குள் கைப்பேசி எனக்காக மூன்று பதில்களை எடுத்து வைத்துவிட்டது. நடுவில் இருந்தது 'ஆழ்ந்த இரங்கல்'. எனக்கு முன்னால் ஒன்பது பேர் அதையே அழுத்தியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பதில்களை ஊகிக்கும் மென்பொருளில் பாதி நான் எழுதியது, அதன் தமிழைத் திருத்தியவர் புஷ்பலதா அக்கா. நான் எதையும் அழுத்தவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் கொஞ்சம் விவரமாகவே எழுதலாம் என்று வீட்டுக்கு வந்தேன். இதில் ஒரு பகுதி உங்களுக்குத் தெரியும். ஒரு பகுதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவரை அறியாதவர்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சில விவரங்கள். கைப்பேசி வைத்திருப்பவர் இதுவரை செய்ததையெல்லாம் வைத்து, அடுத்து என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருளைச் சிங்கப்பூரில் எங்கள் நிறுவனம் செய்கிறது. எத்தனை மணிக்குக் கிளம்புவார், யாரை அழைப்பார், எதைத் திறப்பார் என்பதை இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளும். நான் அந்தக் குழுவுக்குத் தலைவன். அக்கா அதன் தமிழ் வடிவத்தைச் சோதிக்க ஒப்பந்தத்தில் வந்தவர். அதற்கு முன்பு ஒரு பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தங்கை கோகிலாவோடு புக்கிட் மேராவில் இருந்தார். சாந்தமானவர் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், அக்காவே எழுந்து வந்து அடித்துவிடுவார். குரல் பெரிது, பொறுமை சிறிது. மீட்டிங் நடக்கும்போது கறிபாப் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து அந்தச் சத்தத்திலேயே பேசுகிறவரை நிறுத்திவிடுவார்.

எங்களுடைய முதல் சண்டை அவர் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் வந்தது. காலையில் வீட்டுக் கதவைத் தாண்டியதும் பூட்டிய திரையிலேயே ஒரு வரி தோன்றும்படி செய்திருந்தேன். 'ராஃபிள்ஸ் பிளேஸ் போகிறீர்கள். இருபத்தாறு நிமிடம்.' எனக்கு அதில் பெருமை அதிகம். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சேகர், இத எழுதுனது நீங்களா? கிளம்புறவங்கள எங்க போறேன்னு கேக்கலாமா? உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கல?"

"அக்கா, அது கேக்கல. அதுக்கே தெரியுது."

"ஐயோ, அது இன்னும் மோசம் லா! எங்க வீட்டுல தூரமான்னுதான் கேப்போம். ஆமான்னா ஆமா. அதுக்கு மேல அவங்களா சொன்னாத்தான்."

நான் திருச்சிக்காரன், எனக்கு அந்த வழக்கம் தெரியாமல் இல்லை. கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அதை மூடநம்பிக்கைக் கணக்கில் போட்டு மறந்திருந்தேன். அக்கா அதை நம்பிக்கையாகப் பார்க்கவில்லை, மரியாதையாகப் பார்த்தார். "காரியம் விளங்குதோ இல்லியோ, மனுஷன் நிம்மதியா செருப்பு மாட்டட்டுமே" என்றார். மாற்ற முடியாது என்றேன். சரி என்று போனவர், அடுத்த பத்து மாதமும் ஒவ்வொரு வாரமும் அதையே எழுதிக் கொடுத்தார்.

அவர் வேலை செய்த முறை உங்களுக்கு நினைவிருக்கும். சோதனைக்குக் கொடுத்த போனை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போகவே மாட்டார். அதையே தன் சொந்தப் போனாக வைத்துக்கொண்டார். "பொய்யா வாழ்ந்து காட்டுனா மெஷின் பொய்யத்தானே படிக்கும்?" என்று கேட்பார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு போட்டு, போன் சொன்னதையெல்லாம் மூன்று பத்திகளில் எழுதுவார். முதல் பத்தி சரி. இரண்டாவது தப்பு. மூன்றாவதுக்கு 'சரி, ஆனா வேண்டாம்' என்று தலைப்பு. நாங்கள் அவரிடம் கேட்டது இரண்டு பத்திதான். மூன்றாவதில் இருந்ததையெல்லாம் நான் முதல் பத்தியோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன். சரி என்றால் சரிதானே என்பது என் வாதம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவர் இயந்திரத்துக்கு எதிரி என்று நினைத்தால் அது தவறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில், துவாஸ் விடுதியிலிருந்து வரும் சில தொழிலாளர்களிடம் சோதனைப் போன்களைப் பற்றி விசாரிக்கப் போனோம். சரவணன் என்று கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர், புதுக்கோட்டைப் பக்கம். ஞாயிறு நான்கு மணிக்கு 'அம்மாவை அழைக்கலாமா?' என்று போன் அவரிடம் கேட்கும். அது தொந்தரவாக இல்லையா என்று, ஆமாம் என்பார் என்ற ஆசையோடுதான் அக்கா கேட்டார்.

"தொந்தரவா? இல்லக்கா. ஓவர்டைம் பாத்துட்டு வந்து படுத்தா செத்த பொணமா தூங்கிருவேன். இது எழுப்பி விடுது. எங்கம்மா நான் திருந்திட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நோட்டில் முதல் பத்தியில் எழுதி, கொட்டை எழுத்தில் 'நல்லது' என்றும் போட்டார். திரும்பும் வழியில் நான் விடவில்லை. பார்த்தீர்களா, மக்களுக்கு வேண்டும் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "வேணாம்னு யாரு சொன்னா? நான் இருவது வருஷம் பஸ் டைம்டேபிள் போட்டவ. அதுவும் ஊகந்தான், இத்தன மணிக்கு இத்தன பேரு வருவாங்கன்னு. ஆனா பஸ் வந்து ஸ்டாப்புல நிக்கும். வீட்டுக்குள்ள வந்து உன் பேர சொல்லிக் கூப்பிடாது." நல்ல வாதம்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு நாற்பத்தொன்று, ஒப்புக்கொள்ளாமல் இருப்பதில் நல்ல பயிற்சி இருந்தது.

இனி நீங்கள் கேள்விப்பட்டது, ஆனால் யாரும் சரியாகச் சொல்லாதது. அக்கா செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்குக் கிளம்பி மதியம் திரும்பிவருவார். சொந்த வேலை என்று விடுப்பு எழுதுவார். நான் கேட்டதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மேலிடத்துக்கு நான்கு மொழிகளிலும் செய்து காட்ட வேண்டியிருந்தது. அன்று இருந்தே ஆக வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வந்தார். அறையில் ஆறு பேர். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்.

தமிழுக்கு முறை வந்தபோது அவருடைய போனைக் கேட்டேன். மாதக்கணக்கில் பழகிய போன் அது ஒன்றுதான். "வேற போன் எடுத்துக்கோங்களேன் சேகர்" என்றார். இதுதான் நன்றாகக் கற்றிருக்கிறது என்று சொல்லி, ஏறக்குறைய அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பெரிய திரையில் இணைத்தேன். மணி பத்து. திரையில் அந்த வரி வந்தது. 'செவ்வாய்க்கிழமை வழக்கம்: புற்றுநோய் சிகிச்சை மையம். இப்போது கிளம்பினால் நேரத்துக்குப் போகலாம்.' அதன் தமிழ் அக்கா திருத்தியது. ஒரு பிழை இல்லை.

எங்கள் நிறுவனத் தலைவர் சீனர், நல்ல மனிதர். என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா முந்திக்கொண்டார். தேக்காவுக்கு மீன் வாங்கப் போகச் சொல்கிறது என்றார். சரியா என்று தலைவர் கேட்டார். தப்பு, இன்றைக்கு நான் போகவில்லை என்றார் அக்கா. சிகிச்சையை அன்று மதியத்துக்கு மாற்றி வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. தலைவர் பேனாவை மூடி வைத்தார். இவ்வளவு நாள் கழித்தும் தமிழ் மட்டும் தப்பாகவே இருக்கிறதே என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. திரையில் இருந்ததை நான் படித்திருந்தேன், அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் புரிந்திருந்தது. இரண்டும் தெரிந்துதான் வாயைத் திறந்தேன். இல்லை, தப்பில்லை, மீன் மார்க்கெட் அல்ல என்று ஆரம்பித்து, அந்த வரி முழுவதையும் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். என் இயந்திரம் சரி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, வேறு ஒரு காரணமும் கிடையாது. அக்கா எழுந்து வந்து ஒயரைக் கழற்றி, போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

லிஃப்ட் பக்கம் ஓடிப் போய்ப் பிடித்தேன். அதுவரை என்னை நீங்க என்றே அழைத்தவர் அன்றுதான் நீ என்றார். "மெஷின் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அது கண்டதச் சொல்லுச்சு. உனக்கு எங்க போச்சு புத்தி? கோகிலா அடுத்த வாரம் மெல்பர்ன் போறா, மக பிரசவத்துக்கு. இது தெரிஞ்சா போவாளா அவ? போயிட்டு வரட்டும், பேத்தியப் பாத்துட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நாலு மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்!" தங்கைக்கு எப்படித் தெரியப்போகிறது, அலுவலகத்துக்குள்தானே என்று நான் உளறினேன். அன்று மாலையே அலுவலக நிர்வாகத்தில் விஷயம் கேள்விப்பட்ட ஒருவர், உதவி செய்கிற நல்ல எண்ணத்தோடு, கோப்பில் இருந்த அவசரத் தொடர்பு எண்ணை அழைத்துவிட்டார். அது கோகிலாவின் எண். கோகிலா மெல்பர்ன் பயணத்தை ரத்து செய்தார். பேத்தி பிறந்ததை வீடியோவில்தான் பார்த்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன், அக்கா ம் என்றார். மன்னித்தேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை, நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பூட்டிய திரையில் வரும் அந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது போன் ஊகித்து வைத்துக்கொள்ளும், திறந்து கேட்டால் மட்டும் சொல்லும். மேலிடத்தில் இதற்காக நிறையச் சண்டை போட்டேன். புதிய வடிவத்தை அக்காவிடம்தான் சோதனைக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். வேலையை விடும் நாள் வரை என்னோடு சாப்பிட வந்தார், சிரித்தும் பேசினார். ஆனால் தன் உடம்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லத் தகுந்த ஆளில்லை என்று முடிவு செய்திருப்பார், நியாயம்தான்.

வியாழக்கிழமை மதியம் புக்கிட் மேரா போனேன். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தார்கள். மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோக இன்னும் நேரம் இருந்தது. கோகிலாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவராகவே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே சேகர்? அன்னிக்கு ஆபீஸ்ல படிச்சுச் சொன்னது?"

ஆமாம் என்றேன். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொல்லலேன்னா அவ சொல்லியிருக்கவே மாட்டா தம்பி. நான் அங்க மூணு மாசம் உக்காந்து கொழந்தைய கொஞ்சிக்கிட்டு இருந்திருப்பேன். பேத்திய நாளைக்குக்கூடப் பாத்துக்கலாம். அக்காவ எங்க போய்ப் பாப்பேன்? உங்களாலதான் எனக்கு அவ கூட இவ்வளவு நாள் கெடச்சுது. நீங்க நல்லா இருக்கணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் செய்ததிலேயே மோசமான காரியத்துக்கு எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை அம்மா, அக்கா இதை விரும்பவே இல்லை, கடைசி வரை என்னை மன்னிக்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எல்லாமே உண்மை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். அந்த அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல் போயிருக்கும்.

நான் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது. புஷ்பலதா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான், அதுவும் அவர் கண்ணை மூடிய பிறகு வந்தது. துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. நானும் யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.