பொலோனியா சதுக்கத்தின் மூலைச் சுவர்

எங்கள் மகள் மருந்தாளர் பதிவுச் சோதனையை இரண்டு தரம் எழுதிச் சரிவரவில்லை. மூன்று தரம்தான் எழுதலாம். கடைசித் தரத்துக்கு முன்னம் பிள்ளைக்கு மனம் ஆறட்டும் என்று என்ரை மனுசிதான் இந்தப் பயணத்தை ஒழுங்குபண்ணினா. லண்டன் இல்ஃபோர்டிலிருந்து விடிய வெளிக்கிட்டு, பிளேன் ஏறி, பின்னேரம் இத்தாலியில் பொலோனியா நகரத்தின் பெரிய சதுக்கத்தில் நின்றோம். நான் அதிகம் படித்தவன் இல்லை. கண்டதை எழுதுகிறேன்.

சதுக்கத்தின் ஒரு பக்கம் பெரிய தேவாலயம். முகப்பின் கீழ்ப்பாதி சலவைக்கல், மேல்பாதி வெறும் செங்கல். பல நூறு வருசமாய் அப்படியே கிடக்கிறதாம். திருப்பணி முடியாவிட்டாலும் உள்ளே பூசை நடக்கிறது. அது எனக்குப் பிடித்துக்கொண்டது.

எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த வழிகாட்டிப் பெண், பக்கத்தில் கடல் தெய்வத்தின் சிலை நிற்கிற நீரூற்றைக் காட்டினா. பல்கலைக்கழகப் பிள்ளைகள் சோதனைக்கு முதல் அதை இரண்டு தரம் சுற்றுவார்களாம், மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக.

இடமாகச் சுற்றுவது எங்கள் ஆட்களுக்குச் செத்தவீட்டில்தான்.

"பிள்ளை, நீ அப்பிடிச் சுத்தாதை. வலமாச் சுத்து, மூண்டு தரம்."

"அப்பா, இது அவையின்ரை ஊர், அவையின்ரை சாமி," என்றாள் மகள். "என்னாலை ஏலாது."

"அப்ப நான் சுத்திறன்."

சப்பாத்தைக் கழற்றி மனுசியிடம் கொடுத்தேன்.

"உடுப்பில்லாமல் நிக்கிறவருக்கு அர்ச்சனையும் செய்விக்கப் போறியளோ? சனம் பாக்குது," என்றா அவ.

கல் சுட்டது. எதிரே இரண்டு பெட்டைகள் தங்கள் முறைப்படி மறுபக்கமாக வந்தார்கள். முட்டாமல் விலகிக்கொண்டோம். இரண்டாம் தரம் சந்தித்தபோது அவர்கள் எனக்குக் கைதட்டினார்கள். பிள்ளையாரை நினைத்து மூன்று சுற்றையும் முடித்துவிட்டு வந்தால், மகளின் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிறகு வழிகாட்டி எதிரேயுள்ள பழைய மாளிகையின் வளைவுக்குக் கீழே கொண்டுபோனா. அங்கே ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெல்லமாய்க் கதைத்தால், எதிர் மூலையில் சுவரோடு நிற்பவருக்குக் கேட்கும். முந்தி தொற்றுநோய்க்காரரின் பாவமன்னிப்பைக் குருமார் இப்படித் தூர நின்று கேட்டதாகச் சொல்கிறார்கள். கால் நோகுது என்று மனுசி தேவாலயப் படியில் போய் இருந்துவிட்டா. நானும் மகளும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

"கேக்குதோ, பிள்ளை?"

"ஓம். அப்பா, திரும்பிப் பாக்காதேங்கோ. நான் கடைசிச் சோதினைக்கு விண்ணப்பிக்கேல்லை. திகதியும் முடிஞ்சுது."

காதுக்குள் வாயை வைத்துச் சொன்னது போல இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் சனம் போய்வந்துகொண்டிருந்தது.

"ஏன் பிள்ளை?"

"எனக்கு அது வேண்டாமப்பா. பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானம் படிப்பிக்கப் போறன். பயிற்சிக்கு இடம் கிடைச்சிட்டுது. நீங்கள் கோயில் கோயிலா நேர்ந்துகொண்டு திரியிறியள், நான் எப்பிடிச் சொல்லுறது?"

கோபம் வந்தது, உண்மை. வெள்ளிக்கு வெள்ளி அவள் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்திருக்கிறேன். சாமியிடம் அவளுக்காக எல்லாம் கேட்டேன். அவளிடம் என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அது விளங்கியது.

பின்னால் ஒரு சோடி தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றது.

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"இல்லை. பயமாக்கிடக்கு."

"அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ அதிலையே நில்."

மனுசி படியில் இருந்து, இரவுக்கு மரக்கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தா. பக்கத்தில் போய் இருந்தேன்.

"இஞ்சை பாரும், பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் சரிவந்திருக்கு," என்று தொடங்கினேன்.