இடப்பக்கம் திரும்பாத விமானம்

விமானம் ஓட்டும் கேம் ஒன்றின் புது அப்டேட்டை, வெளிவருவதற்கு முன்பே ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இந்த முறை கேம் கம்பெனி கேட்டது ஒன்றுதான். இடப்பக்கம் திரும்பும்போது விமானம் ஆடுகிறதா? இன்றைக்குள் சொல்ல வேண்டும்.

நிஜ ஊர்களெல்லாம் அப்படியே இருக்கும் கேம் அது; வேறெங்கே போவேன்? நம்ம ஊர் அண்ணாமலையையே இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு சுற்று கிளம்பினேன். அடி அண்ணாமலை தாண்டும்போது காபியோடு மனைவி வந்தாள்.

"ஏங்க, மலைய இடமா சுத்துறீங்க? திருப்புங்க!"

"கேம்தாம்மா. இடது பக்கம் சரியா திரும்புதான்னு பாக்கணும்."

"கேம்னா? மலை அதே மலைதானே?"

திருப்பினேன்.

"செருப்பக் கழட்டுங்க."

கழற்றினேன்.

கொஞ்ச தூரத்திலேயே விமானத்தை இறக்கப் பார்த்தேன். "பாதியில விடக் கூடாது, முழுசா சுத்துங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும்தான், ஒற்றைக் கையால். இன்னொரு கை ஜாய்ஸ்டிக்கில்.

இப்போதுதான் எழுதி அனுப்பினேன்: "வலப்பக்கம் திரும்புவது பிரமாதம். இடப்பக்கம் திரும்ப வீட்டில் அனுமதி இல்லை."

மலை இல்லாத ஊர்க்காரர்கள் யாராவது கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிப் பார்த்துச் சொல்லுங்களேன்.