கையேட்டக்காவின் முதல் எடுத்துக்காட்டு

எங்கள் அலுவலகத்தில் கையேட்டக்கா என்றால் வாசல் செக்யூரிட்டி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் யாரென்று யோசிப்பார்கள். நாங்கள் செய்வது கணினிகளுக்கான இயங்குதளம். அதன் உள்ளே கெர்னல் என்று ஒரு பகுதி உண்டு. மேலே ஓடும் நிரல் ஒன்று செத்தால் அது மட்டும்தான் சாகும். கெர்னல் செத்தால் மொத்த மெஷினும் மல்லாந்துவிடும். அதனால் கெர்னலைத் துண்டு துண்டாகச் சோதித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் வைத்திருக்கிறோம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து எழுதி வளர்த்தவர் அக்கா. நான் அவருக்குப் பக்கத்து மேஜை. டெஸ்ட் மெஷின்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை.

அக்காவின் கணவரும் இங்கேதான். அக்கா வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, பிறகு அக்கா சொல்லித்தான் அவர் இங்கே வந்தார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஃப்ரேம்வொர்க்கின் கோடு, அதாவது நிரல் வரிகள், முழுக்க மாப்பிள்ளையின் குழு எழுதியது. "வீட்டுலயும் இப்படித்தானா அக்கா, அவர் சொல்றதை நீங்க எழுதி வச்சுப்பீங்களா?" என்று கேன்டீனில் கிண்டல் செய்வோம். "வீட்டுல நான் சொல்றதை அவர் காதுல வாங்கினாலே பெருசு" என்பார் அக்கா. எல்லோரும் சிரிப்போம், மாப்பிள்ளையும் சிரிப்பார். அவரை மரியாதையாகத்தான் எழுதுகிறேன். எழுதும்போது கை கூசுகிறது, அது வேறு விஷயம்.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கையேட்டில் போகும் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் தானே தட்டி, என் மெஷினில் ஓட்டிப் பார்ப்பார். ஓடினால் மட்டும் போதாது. சோதிக்கப்படும் நிரலை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, டெஸ்ட் அதைக் கண்டுபிடிக்கிறதா, கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறது என்றும் பார்ப்பார். "நல்லா இருக்கறப்ப எல்லா டெஸ்டும் நல்ல பிள்ளைதான். உடைச்சுப் பாத்தாதான் அதோட லட்சணம் தெரியும்" என்பார். நான் அலுத்துக்கொண்டே மெஷினைக் கொடுப்பேன். ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் துறையில் யாரும் டெஸ்டை முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. கையேட்டின் முதல் எடுத்துக்காட்டை அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதில் ஒரு பிசகு இருந்தால் அது குட்டி போட்டு ஊரெல்லாம் நிறைந்துவிடும்.

போன வருஷம் புதுப் பதிப்பு வந்தபோது அந்த முதல் எடுத்துக்காட்டையே மாற்ற வேண்டியிருந்தது. கெர்னலிடம் கொஞ்சம் நினைவகம் கேட்டு வாங்கி, அதில் ஓர் எண்ணை எழுதிப் பார்க்கும் சின்ன டெஸ்ட். எங்கள் ஃப்ரேம்வொர்க்கில் சரிபார்க்க இரண்டு வழி உண்டு. எக்ஸ்பெக்ட் என்று போட்டால், தவறு கண்டதும் அதைக் குறித்துக்கொண்டு டெஸ்ட் மேலே போகும். அசர்ட் என்று போட்டால் அங்கேயே நின்றுவிடும். கேட்ட நினைவகம் கிடைக்கவில்லை என்றால் நின்றே ஆகவேண்டும். நிற்காமல் போய் இல்லாத இடத்தில் எழுதினால் கெர்னல் செத்துவிடும். அக்கா அசர்ட் என்றுதான் எழுதியிருந்தார். எக்ஸ்பெக்ட் என்று மாற்றச் சொன்னவர் மாப்பிள்ளை. எல்லா வரியும் ஓடி முழு அறிக்கை வந்தால் மேலதிகாரிகளிடம் காட்ட அழகாக இருக்குமாம்.

வெளியிடும் நாளன்று என் மெஷின்களை எல்லாம் அவர் குழுவே பிடித்து வைத்திருந்தது. அக்கா அவரைப் போனில் கூப்பிட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"என்னங்க, எக்ஸ்பெக்ட் போட்டா நிக்காம போயிடுமே. நினைவகம் கிடைக்காத மாதிரி உடைச்சுப் பாத்தீங்களா?" என்றார். அந்தப் பக்கம் ஏதோ பதில். "பாத்துட்டீங்களா? ஒண்ணும் ஆகலையே? சரி, அப்போ போட்டுடறேன்."

போனை வைத்துவிட்டு, "அவரே உடைச்சுப் பாத்துட்டாராம்" என்று என்னிடம் சொன்னார். தான் ஓட்டிப் பார்க்காமல் அக்கா ஓர் எடுத்துக்காட்டைப் போட்டது அதுதான் முதல் தடவை. வேறு எந்த இன்ஜினியர் சொல்லியிருந்தாலும் "கொண்டு வந்து காட்டுங்க தம்பி" என்றிருப்பார். கட்டிய கணவரிடம் அப்படிக் கேட்க முடியுமா? நானாக இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

பெரிய மெஷின்களில் அந்த டெஸ்ட் ஒழுங்காகத்தான் ஓடியது, அங்கே நினைவகத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எங்கள் இயங்குதளத்தை வாங்கி, லிஃப்டை இயக்கும் சின்னக் கருவிகளில் போடும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அந்தக் கருவிகளில் நினைவகம் கைப்பிடி அளவுதான். அவர்களும் முதல் எடுத்துக்காட்டை நகலெடுத்து வரிசையாக டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். ஓட்டினால் நினைவகம் கிடைக்காமல் கருவி செத்துப்போகும், எந்த டெஸ்ட் தோற்றது என்று சொல்லக்கூட அறிக்கை மிஞ்சாது. பல வாரம் தங்கள் நிரலையே சந்தேகப்பட்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, கடைசியில் எங்கள் கையேட்டில் வந்து முட்டி நின்றார்கள். வந்த புகாரில் மரியாதை என்பது மருந்துக்கும் இல்லை. கையேடு இனி அக்காவிடம் இருக்கலாமா என்று மேனேஜர் வெளிப்படையாகவே கேட்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளைக்குத் தலைமைப் பதவி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. புகாரை விசாரிக்க மேனேஜர் கூட்டிய மீட்டிங் அன்று காலை அக்காவின் முகத்தில் பதற்றமே இல்லை. "ஏண்டி இப்படிப் பயப்படறே? அவர் பாத்தப்ப ஏதோ கவனம் பிசகிருக்கும். இன்னிக்கு அவரே சொல்லிடுவார். சொன்னா முடிஞ்சுது" என்றார். கவனம் பிசகுவது என்ன, உடைத்துப் பார்த்திருந்தால் மெஷினே செத்திருக்குமே என்று கேட்டேன். "வேற ஏதாவது மெஷின்ல பாத்திருப்பார்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மேனேஜர் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டார். "இங்க எக்ஸ்பெக்ட் போடச் சொன்னது யாரு?"

அக்கா கணவரைப் பார்த்தார். பள்ளிக்கூட மேடையில் பிள்ளை பேச எழும்போது தாய் பார்ப்பாளே, அப்படி. மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"டாக்குமென்ட் பக்கம் நான் அவ்வளவா தலையிடறதில்ல சார். எங்க கோடு சரியாத்தான் இருக்கு" என்றார்.

"சார், அன்னிக்குப் போன்ல…" என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அவர் கண் இன்னும் கணவர் மேல்தான் இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மூடி மட்டும் திறந்து, மூடி, திறந்தது.

"என் பேர்ல போன பக்கம் சார். நான் ஓட்டிப் பாத்திருக்கணும்" என்றார் அக்கா கடைசியில்.

வெளியே வந்ததும் வராந்தா என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "என்னை ஏன்க்கா தடுத்தீங்க? போட்டு உடைச்சிருப்பேன்ல?"

"நீ சொல்லி அவர் ஒத்துக்கிட்டா அதுல எனக்கு என்ன இருக்கு? அவரா சொல்லணும்" என்றார்.

கையேடு அக்கா கையை விட்டுப் போனது. கோடு தெரிந்தவர்களே எழுதட்டும் என்று அதை மாப்பிள்ளையின் குழுவிடமே கொடுத்தார்கள். தலைமைப் பதவியும் கையேடும் சேர்ந்து அவர் மடியில் விழுந்தன. அக்காவுக்குக் கிடைத்தது விளம்பரத் தாள்களில் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை. வீட்டில் மாப்பிள்ளை சொன்ன சமாதானத்தைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். "உனக்கு இன்னொரு கையேடு கிடைக்கும், எனக்கு இந்தச் சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்குமா? யார் பேரு கெட்டா என்ன, ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?" ஒரே வீடாம். கெட்ட பெயரை மட்டும் ஏன் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளவில்லை என்று நான் கேட்டிருப்பேன், ஆள்தான் எதிரே இல்லை.

அக்கா சண்டை போட்டார், அழுதார், சில நாள் பேசாமல் இருந்தார். பிறகு தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். "உடைச்சுப் பாத்தது நிஜம்டி. மீட்டிங்ல பயந்துட்டார். பயந்தவரை என்ன செய்யறது?" துரோகத்துக்குப் பயம் என்று பெயர் வைத்துக் குடும்பம் நடத்துகிறார் என்று எனக்கு அக்கா மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் அவர் நிம்மதியைக் கெடுக்க நான் யார் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் டீ மெஷின் பக்கத்தில் அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார். கப்பில் டீ ஆறிக்கிடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கையேட்டுக்குப் புது அத்தியாயம், அவர் எழுதியது. "ஒரு தடவை பாத்துக் குடேன். உன்னை மாதிரி எழுத எனக்கு வரமாட்டேங்குது" என்று கேட்டிருக்கிறார். அக்கா பார்த்தார். எடுத்துக்காட்டின் இரண்டாவது வரியில் மாப்பிள்ளை ஒரு ஃபங்ஷனை, அதாவது ஃப்ரேம்வொர்க்கில் ஆயத்தமாக இருக்கும் ஒரு நிரல் துண்டை, பயன்படுத்தியிருந்தார். போன பதிப்பிலேயே அவர் குழு தூக்கி எறிந்த ஃபங்ஷன் அது. அந்தக் கோடு கம்பைல்கூட ஆகாது, ஓடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"ஓட்டிப் பாத்தீங்களா?" என்று மட்டும் அக்கா கேட்டிருக்கிறார்.

"ஓட்டாமலா? உடைச்சுக்கூடப் பாத்துட்டேன்" என்றாராம் அவர், அக்காவின் கண்ணைப் பார்த்து. சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. சோத்தைப் போட்டேன்."

ஆறிப்போன டீயைக் கப்பிலேயே சுழற்றினார்.

"பொய் சொன்னார்ங்கறதுகூட இல்லடி. அந்த முகம். எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னா முகமே காட்டிக்குடுத்துடும்னு ஊரெல்லாம் பெருமை பேசினவ நான். ஒரு சுருக்கம்கூட மாறல. நிஜம் சொல்றப்ப எப்படி இருக்குமோ அதே முகம்." கப்பைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். "கல்யாணம் பண்ணின நாள்லேருந்து அந்த முகத்தோட அவர் எங்கிட்ட சொன்னதெல்லாம் இருக்கே, அதுல எது நிஜம்னு நான் இனிமே யார்கிட்ட போய்க் கேப்பேன்?"