சுண்ணாம்பில் சிவந்த வேட்டி

ஹம்பேர்க்கில் வெயில் எறித்தால் சனம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடும். என் கணவர் ஓடமாட்டார். இருபத்தாறு வருடம் அவர் சமைத்த உணவகத்தை, முதலாளிக்கு வயது போய்விட்டதென்று மூடிவிட்டார்கள். அன்று முதல் குசினி யன்னலோரக் கதிரையே அவருக்கு உலகமாகிவிட்டது. யன்னலுக்கு வெளியே ஒரு பேர்ச் மரம். அதன் வெள்ளைத் தண்டைப் பார்த்தபடி தேத்தண்ணியை ஆறவிடுவார்.

"கொஞ்சம் நடந்திட்டு வருவமே?" என்று கேட்பேன்.

"நீ போ. நான் பிறகு வாறன்."

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. கோயில் தேர் போனது. மகளின் புதுவீட்டுப் பால்காய்ச்சல் போனது. அவருக்கு எதில் பயம் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது ஒருவர் தோளில் கைபோட்டு, "அண்ணை, இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மனுசன் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு ஜெர்மன் பெண்மணி இருக்கிறார். பல் வைத்தியரிடம் வேலை. ஒவ்வொரு கோடையிலும் நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில் நடக்கும் மத்தியகாலச் சந்தைக்குப் போய் வருவார். ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முந்திய ஆட்களைப்போல உடுத்து, விறகு நெருப்பில் சமைத்துச் சாப்பிட்டு, கூடாரத்தில் படுப்பார்களாம். அந்த வருடம் படிக்கட்டில் என்னை மறித்து, "நீங்களும் கணவரும் கட்டாயம் வரவேண்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "அங்கே யாரும் யாரிடமும் என்ன வேலை என்று கேட்பதில்லை. எல்லோரும் அன்றைக்கு வேறு யாரோ."

நான் ஆட்கள் சொல்லும் சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறவள். இதைப் பொறுக்கியதும் மடியில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி ஓடினேன்.

"மாறுவேடப் போட்டிக்குப் போற வயசே எனக்கு?" என்றார் இவர்.

"நீங்கள் ஆடவும் வேண்டாம், பாடவும் வேண்டாம். உடுத்திட்டு நிண்டால் காணும்."

"என்னத்தை உடுக்கிறது?"

மறுத்தவர் கேள்வி கேட்டால் கதவு கொஞ்சம் நீக்கலாகிவிட்டது என்று அர்த்தம். நான் மேலும் தள்ளவில்லை. "தைச்சுக் காட்டுறன். பிடிக்காட்டி வர வேண்டாம்" என்றேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "பாப்பம்" என்றார்.

கீழ் வீட்டார் விதிகளைச் சொன்னார். அங்கே போடும் உடுப்பைக் கொஸ்ட்யூம் என்று சொல்லக்கூடாது, அந்தக் கால ஜெர்மனில் கெவான்டுங் என்று சொல்ல வேண்டும். கொஸ்ட்யூம் என்றால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். காசு கொடுத்து வாங்குவதில் பெருமையில்லை. வீட்டில் கிடப்பதை வெட்டித் தைப்பதுதான் பெருமை. இழுத்துப் பூட்டும் சிப் கூடாது, பளபளக்கும் நைலோன் கூடாது, மணிக்கூடு கூடாது. கடைசியாக, சட்டைப்பின்னும் கூடாது என்றார். அதுதான் எனக்குப் பெரிய இடி. எங்கட பெண்களுக்குச் சட்டைப்பின் இல்லாமல் ஒரு துணி உடம்பில் நிற்குமா? தாலிக்கொடியில் இரண்டு, கைப்பையில் நாலு, இல்லையென்றால் வாசல் தாண்டமாட்டோம்.

எனக்கு ஒரு பழைய நூல் சீலையை நீளப் பாவாடையாக்கினேன். முந்தானைக் கரை கால்விளிம்பில் வந்து விழுந்தது. யன்னல் சீலை கட்டிய கயிறு இடுப்புக்கு. அவருக்கு ஒரு நாலு முழ வேட்டி. இரண்டாய் மடித்து, நடுவில் தலைக்கு ஒரு துவாரம் வெட்டி, இரண்டு பக்கமும் கைக்கு இடம் விட்டுத் தைத்தால் முழங்கால்வரை ஒரு சட்டை வந்துவிடும். தைத்துக் கொடியில் போட்டுப் பார்த்தேன். வெள்ளை கண்ணைக் குத்தியது. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் டொக்டர்போல இருந்தது.

பழசாகத் தெரியவேண்டுமே என்று பெரிய பானையில் மஞ்சளைக் கொதிக்கவைத்து அதற்குள் சட்டையை அமுக்கினேன். வீடெல்லாம் மஞ்சள் ஆவி. சுவர், யன்னல், அவருடைய நரைத்த தலை எல்லாம் அதற்குள் மிதப்பதுபோல் இருந்தது. எடுத்துப் பிழிந்தால் கொன்றைப்பூ நிறம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் மணந்து பார்த்தால் கறிச்சட்டி மணம். கை சும்மா இருக்குமா? பழக்கதோசத்தில் வாளியில் சவர்க்காரம் கரைத்து, அதற்குள் போட்டுக் கும்மினேன்.

போட்ட இடமெல்லாம் சிவந்தது. ஒரு திட்டு சிவப்பு, ஒரு திட்டு மஞ்சள், மார்பில் ஒரு பெரிய கறை, யாரோ கத்தியால் குத்தியதுபோல.

"ஐயோ, இஞ்சாருங்கோ!"

கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் பல மாதமாகக் கேட்டதில்லை. குளியலறை வாசலில் வந்து நின்று வாளியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மஞ்சளுக்குச் சவர்க்காரம் போட்டனியே? ஆலாத்திக்கு என்ன கரைக்கிறனி?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்."

"அது என்ன நிறம்?"

"சிவப்பு."

"பிறகென்ன விசரி, குழறுறாய்? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அரைகுறையாய்ச் சிவந்து கிடக்கு. முழுக்கச் சிவக்க வைப்பம். சுண்ணாம்பு எங்க?"

எத்தனை கல்யாண வாசலில் நான் ஆலாத்தி எடுத்திருப்பேன். என் கைக்குத் தெரிந்தது என் மண்டைக்கு எட்டவில்லை. மகளின் கல்யாணத்தில் வெற்றிலைத் தட்டுக்கு வாங்கிய சுண்ணாம்பு டப்பா சாமி அலுமாரியில் கிடந்தது. அவரே எடுத்தார். அவரே தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணியை மட்டும் இறுத்தார். குழம்புக்குப் புளி இறுத்த அதே கை, அதே சாய்வு. சட்டையை உள்ளே இறக்கி மரக்கரண்டியால் மெல்லத் திருப்பினார். மஞ்சள் என் கண்முன்னே செம்மண் நிறமானது. இரண்டு நாள் பல்கனியில் தொங்கியது. காற்றுக்கு அது கைகளை விரித்து ஆடியபோது, தலையில்லாத யாரோ ஒருவர் எங்கள் வீட்டுக்கு வர யோசிப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றார். வருவார், வரமாட்டார் என்று என் மனம் இரண்டு பக்கமும் ஆடியது. "வா, பிந்தப் போகுது" என்றார்.

எஸ்-பான் ரயிலில் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி, சாமான் பைகளோடு எங்கட பெண் ஒருவர் ஏறினார். இவருடைய காவி நிறத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்தியோடு கேட்டார்.

"அண்ணை, கதிர்காமத்துக்கோ?"

இலங்கைக் காட்டு முருகனுக்கு நாங்கள் ஹம்பேர்க் ரயிலில் போகிறோமாம். இவருடைய கை கதவடிக் கம்பியை இறுகப் பிடித்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, காற்று வந்தது, கதவு மூடியது.

"ஓம் பிள்ளை," என்றார். "மிச்சத் தூரம் பஸ்ஸில."

அந்தப் பெண் என் பாவாடையைப் பார்த்து, "அக்காவும் நேர்த்தியோ?" என்றார். "ஓம், பெரிய நேர்த்தி" என்றேன். அது பொய்யில்லை.

புல்வெளியில் இறங்கியபோது பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. புகைக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள், புகைக்குள் போனார்கள். எங்கேயோ ஒரு மேளம், எங்கேயோ இரும்பு அடிக்கும் சத்தம். ஒரு பெண் கூடை நிறைய அப்பிளோடு எங்களைக் கடந்து, தெரிந்தவர்களைப்போலத் தலையசைத்தார். நான் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் தோன்றவில்லை. கீழ் வீட்டார் பச்சை அங்கியில் ஓடிவந்து எங்களைக் கட்டிப்பிடித்தார். இவரை ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு, நாங்கள் இருவரும் ரொட்டி வாங்க வரிசையில் நின்றோம்.

திரும்பி வந்தால் வாங்கு வெறுமையாக இருந்தது.

பஸ்ஸேறி அந்தக் கதிரைக்கே போய்விட்டார் என்று நினைத்தேன். கூடாரம் கூடாரமாகத் தேடினேன். கடைசியில், நிறம் நிறமாய் நூல் தொங்கும் ஒரு கொட்டிலுக்கு முன்னால் சிறு கூட்டம். சாயம் காய்ச்சும் பெண் ஒருவர் இவருடைய சட்டைக் கையைப் பிடித்து வைத்திருந்தார்.

"இது எந்த வேர்?" என்று கேட்டார்.

"மஞ்சள்," என்றார் இவர் ஜெர்மனில். "சாப்பாட்டுக்குப் போடும் மஞ்சள்."

"மஞ்சள் இப்படிச் சிவக்காது."

"வினாகிரி இருக்கிறதா?"

சாயக்காரி அந்தப் புளிக்காடியைக் கிண்ணத்தில் நீட்டினார். இவர் விரலை நனைத்துச் சட்டை விளிம்பில் ஒரு சொட்டு வைத்தார். சிவப்புக்குள் மஞ்சள் பூ ஒன்று மலர்ந்தது. கூட்டம் "ஓ" என்றது. சாயக்காரி கையைத் தட்டிச் சிரித்து, கிண்டும் தடியை இவர் கையில் கொடுத்தார். செம்பு அண்டாவுக்குள் கம்பளி கொதித்துக்கொண்டிருந்தது. இவர் அடியோடு அணைத்து, நூல் சிக்காமல், ஒரே சுற்றில் கிண்டினார்.

"இவ்வளவு பெரிய அண்டாவை இப்படிக் கிண்ட எங்கே பழகினீர்கள்? என்ன வேலை உங்களுக்கு?"

யாரும் கேட்கமாட்டார்கள் என்றாரே! நான் கீழ் வீட்டாரைப் பார்த்தேன். அவர் ரொட்டியை மென்றபடி தோளைக் குலுக்கினார்.

இவர் தடியை நிறுத்தவில்லை. "நான் சமையல்காரன்" என்றார்.

பின்னேரம் பஸ்ஸுக்கு ஆட்கள் திரண்டபோது அவரைக் கூப்பிடப் போனேன். முழங்கைவரை நீலச் சாயம். மூக்கு நுனியிலும் நீலம்.

"வாங்கோவன், பஸ் வரப்போகுது."

"நீ போய் வரிசையில நில்," என்றார் அண்டாவிலிருந்து கண்ணெடுக்காமல். "இதைப் பிழிஞ்சு போட்டிட்டு வாறன்."

நான் போய் வரிசையில் நின்றேன். முதல் பஸ் போனது. பரவாயில்லை என்று பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டேன்.